மண்ணெண்ணெய் குடித்த வூல்ஸ்லி

யாழ்ப்பாணத்துக்கு வந்து போகும் வெளிநாட்டுப் பயணிகள் எடுத்துச் செல்லும் படங்களில், நல்லூர்க் கோபுரத்துக்கும் பனங்கூடலுக்கும் அடுத்தபடியாக ஒரு பழைய கார் இருக்கும். பெரும்பாலும் அது வாடகைக்கு ஓடிய ஒஸ்ரின் கேம்பிரிட்ஜாகவோ, ஏ 40 சொமர்செற்றாகவோ, மொறிஸ் மைனராகவோ இருக்கும். கியூபாவின் ஹவானா நகர வீதிகளில் ஓடும் அமெரிக்கக் கார்களோடு ஒப்பிட்டு இரண்டு வரி எழுதுவார்கள். யாழ்ப்பாணத்தான் சிக்கனக்காரன், எதையும் எறிய மனம் வராதவன் என்று சிரிப்போடு ஒரு குறிப்பும் சேர்ந்துகொள்ளும்.

சிக்கனம் உண்மைதான். ஆனால் சிக்கனம் மட்டும் ஒரு காரை அறுபது ஆண்டுகள் ஓட வைக்காது. இந்தக் கார்கள் தப்பிப் பிழைத்தமைக்குக் காரணம் கதவுகள் அடுத்தடுத்து மூடப்பட்டமையே. 1960களின் தொடக்கத்தில் அந்நியச் செலாவணித் தட்டுப்பாட்டால் கார் இறக்குமதி கட்டுப்படுத்தப்பட்டது. 1970 முதல் 1977 வரையிலான மூடிய பொருளாதாரக் காலத்தில் புதுக் கார் என்பது கனவாயிற்று. 1977 இன் பின்னர் கதவு திறந்து ஜப்பானியக் கார்கள் கொழும்பை நிறைத்தபோது, வடக்கில் வேறொரு கதவு மூடத் தொடங்கியது. 1983 இன் பின்னர் போர். 1990 ஜூனில் மீண்டும் போர் மூண்டதும் பொருளாதாரத் தடை. பெற்றோலும் பற்றறியும் உதிரிப்பாகங்களும் குடாநாட்டுக்குள் வர முடியாத நிலை. உள்ளே இருந்த கார்தான் இருந்த கார். அதை ஓட்டுவதென்றால் கையில் இருப்பதைக் கொண்டுதான் ஓட்டவேண்டும்.

அவ்வாறு ஓடிய கார்களுள் ஒன்றைக் கடந்த சில ஆண்டுகளாக எங்கள் வீட்டு முற்றத்தில் வைத்துத் திருத்தி எடுத்தோம். அதில் கற்றவற்றையும், அதனால் குடும்பத்துக்குள் எழுந்த ஒரு வழக்கையும் எழுதிவைக்க வேண்டும் என்று தோன்றியது.

அக்காலத்து யாழ்ப்பாணத்தில் காருக்கும் ஒரு சாதிப்படிநிலை இருந்தது என்று சொன்னால் மிகையாகாது. வாடகைக்கு ஓட ஒஸ்ரின். ஆசிரியர்களுக்கும் அரசாங்க உத்தியோகத்தர்களுக்கும் மொறிஸ் மைனர். அப்புக்காத்துமார், பிரக்கிராசிமார், மருத்துவர்கள், மலேயாவில் உழைத்துத் திரும்பிய பென்சன்காரர், பெரிய சுருட்டு வியாபாரிகள் ஆகியோருக்கு ஹம்பர், றோவர், வூல்ஸ்லி. என் பெரியப்பா பிரக்கிராசி. அவர் 1960 இல் வாங்கியது வூல்ஸ்லி 15/60.

இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. பிரித்தானிய மோட்டார் கூட்டுத்தாபனம் 1958 இன் இறுதியிலிருந்து வெளியிட்ட இந்த வரிசைக் காரின் உடலை வடிவமைத்தவர்கள் இத்தாலியின் பினின் ஃபரினா நிறுவனத்தார். ஒரே உடலை வைத்துக்கொண்டு ஒஸ்ரின், மொறிஸ், எம்.ஜி., றைலி, வூல்ஸ்லி என ஐந்து பெயர்களில் விற்றார்கள். இயந்திரமும் ஒன்றே, 1489 கன சென்ரிமீற்றர் கொள்ளளவுள்ள ‘பி’ வரிசை இயந்திரம். ஆகவே, பெரியப்பாவின் ஆடம்பரக் காரும் ஆஸ்பத்திரி வீதியில் வாடகைக்கு நின்ற கேம்பிரிட்ஜும் தோலை உரித்தால் உடன்பிறப்புகள்தான். வேறுபாடு மேற்பூச்சில் இருந்தது. வூல்ஸ்லியின் இருக்கைகள் தோலால் ஆனவை. முகப்புப் பலகை வால்நட் மரத்தின் மெல்லிய சீவலால் போர்த்தப்பட்டது. முன்புறக் கிறிலின் நடுவே வூல்ஸ்லி என்ற பெயர் பொறித்த சிறு சின்னம் ஒன்று உண்டு. இரவில் விளக்கைப் போட்டால் அது உள்ளிருந்து ஒளிரும். சந்தியில் அந்த ஒளிரும் சின்னத்தைக் கண்டதும் “பிரக்கிராசியார் வாறார்” என்று சனம் ஒதுங்கும் என்பார்கள்.

அந்தக் காரின் இலக்கத் தகட்டுக்கும் ஒரு வரலாறு இருக்கிறது. 1957 இல் வாகன இலக்கத் தகடுகளில் ஆங்கில எழுத்துக்குப் பதிலாகச் சிங்கள ‘ஸ்ரீ’ எழுத்து புகுத்தப்பட்டதும், தமிழரசுக் கட்சி அதை எதிர்த்துத் தமிழ் ‘ஸ்ரீ’யைப் பொறித்துப் போராடியதும், 1958 ஏப்ரலில் பண்டா - செல்வா ஒப்பந்தம் கைவிடப்பட்டு மே மாதத்தில் இனக்கலவரம் வெடித்ததும் மூத்த வாசகர்கள் அறிந்தவை. அந்த எழுத்தைத் தன் வாகனத்தில் ஏற்ற மனமில்லாமல் பெரியப்பா மூன்று ஆண்டுகள் புதுக் கார் வாங்காமல் இருந்தாராம். ஆங்கில எழுத்துத் தகட்டோடு இருந்த தன் பழைய ஒஸ்ரினையே ஒட்டுப்போட்டு ஓட்டினாராம். அது நீதிமன்ற வாசலிலேயே மூச்சை விட்ட பிறகுதான் வூல்ஸ்லி வந்தது. சிங்கள ‘ஸ்ரீ’யோடு வந்தது. இன்றும் அதே தகடுதான்.

பெரியப்பாவின் ஒரே மகன் என்னைவிட ஒன்பது வயது மூத்தவர். அண்ணா என்றுதான் அழைப்பேன். 1984 இல் அவர் நாட்டைவிட்டுப் புறப்பட்டு, ஐரோப்பாவில் சில காலம் அலைந்து, ஈற்றில் கனடாவில் நிலைகொண்டார். அவர் கடைசியாகக் கண்ட வூல்ஸ்லி மெரூன் நிறமும் சாம்பல் நிறமுமாகப் பளபளத்த கார். ஞாயிறுதோறும் கழுவித் துடைத்து, தோல் இருக்கைக்கு எண்ணெய் பூசி, கீரிமலைக்குக் குளிக்கப் போன கார்.

நான் அறிந்த வூல்ஸ்லி வேறு. 1990களில் நான் பல்கலைக்கழகத்தில் கலைப்பீட மாணவனாகவும், பின்னர் பத்திரிகையில் புதிதாகச் சேர்ந்தவனாகவும் இருந்தபோது, அது மண்ணெண்ணெயில் ஓடியது.

புலம்பெயர் தேசங்களில் பிறந்த தலைமுறைக்கு இது கதைபோலத் தோன்றலாம். பெற்றோல் வீதியோரங்களில் சிறு போத்தல்களில், மருந்து அளப்பதுபோல அளந்து விற்கப்பட்டது. ஒரு கரண்டி பெற்றோலை விட்டு இயந்திரத்தை உயிர்ப்பிப்பார்கள். அது சூடேறியதும் சிறு குழாய்த் திறப்பைத் திருப்பி மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். பின்னால் வெண்புகை எழும். வீதி முழுவதும் குப்பிவிளக்கு மணம். பற்றறி இல்லாதவர்கள் முன்னால் நின்று கைபிடி சுழற்றுவார்கள். அல்லது நாலுபேர் தள்ளுவார்கள்.

இந்த வித்தையை எங்கள் மெக்கானிக்குகள் எங்கே கற்றார்கள் என்று நான் பல காலம் யோசித்ததுண்டு. விடை தோட்டத்தில் இருந்தது. வெங்காயத்துக்கும் மிளகாய்க்கும் புகையிலைக்கும் துலாவால் நீர் இறைத்த காலம் போய், மண்ணெண்ணெயில் ஓடும் நீரிறைக்கும் இயந்திரங்கள் குடாநாட்டில் எப்போதோ பரவிவிட்டன. பெற்றோலில் தொடங்கி மண்ணெண்ணெய்க்கு மாறுவது கமக்காரன் நாளாந்தம் செய்த வேலை. பிரித்தானியாவிலும் 1940களிலும் 1950களிலும் ஃபேகுசன் உழவு இயந்திரங்களின் ஒரு வகை இதே முறையில்தான் ஓடியது. தோட்டத்து அறிவைக் காருக்குள் கொண்டுவந்ததே எங்களவர்களின் கெட்டித்தனம்.

கார்களும் அதற்கு இடம் கொடுத்தன. மண்ணெண்ணெய் தரம் குறைந்த எரிபொருள். சிலிண்டருக்குள் அழுத்தம் கூடினால் நேரத்துக்கு முன்பே வெடித்து இயந்திரத்தை அடிக்கும். இரண்டாம் உலகப் போரின் பின்னர் பிரித்தானியாவில் 1953 தொடக்கம்வரை ‘பூல்’ என்ற பெயரில் தரம் குறைந்த பொதுப் பெற்றோல் மட்டுமே கிடைத்தது. அதற்கு ஏற்ப, அக்காலக் கார்களின் அழுத்த விகிதத்தைக் குறைவாகவே வைத்தார்கள். 1980களில் வந்த ஜப்பானியக் கார்கள் மண்ணெண்ணெயைக் கண்டு முரண்டு பிடிக்க, சொமர்செற் முனகிக்கொண்டே ஓடியதற்கு இதுவே காரணம். லண்டன்காரனின் போர்க்காலப் பஞ்சத்தை மனத்தில் வைத்துச் செய்த இயந்திரம், நாற்பது ஆண்டுகள் கழித்து எங்கள் போர்க்காலப் பஞ்சத்தில் கைகொடுத்தது.

1995 ஒக்டோபர் 30 ஆம் திகதி வலிகாமம் முழுவதும் தென்மராட்சி நோக்கி இடம்பெயர்ந்த இரவில் அந்தக் கார் கடைசியாக ஓடியது. பாரிசவாதத்தால் படுக்கையில் கிடந்த பெரியம்மாவைப் பின் இருக்கையில் கிடத்தினோம். கோண்டாவிலிலிருந்து நாவற்குழிப் பாலம் ஒரு மணி நேரம் எடுக்காத தூரம். அன்று மழையில், இலட்சக்கணக்கான சனத்துக்குள், விடியும்வரை நகர்ந்தோம். இயந்திரம் கொதித்ததும் நிறுத்திவிட்டுத் தள்ளினோம். காரை முன்பின் தெரியாதவர்களும் தள்ளினார்கள். ஒரு முதியவரையும் கைக்குழந்தையோடு ஒரு தாயையும் பெரியம்மாவின் காலடியில் இருத்திக்கொண்டு வந்தோம். 1996 இல் ஊர் திரும்பியபோது உழவு இயந்திரத்தில் கட்டி இழுத்துவந்து கொட்டிலில் விட்டதுதான். பெரியப்பாவும் பெரியம்மாவும் அடுத்தடுத்துப் போய்ச் சேர்ந்தார்கள். கார் கல்லின்மேல் ஏறி இருந்தது.

2002 இல் ஏ 9 பாதை திறந்ததும் ஜப்பானிய வாகனங்கள் வந்து குவிந்தன. பழைய கார்களைக் கொழும்புச் சேகரிப்பாளர்கள் தேடிவந்து வாங்கத் தொடங்கினார்கள். எங்கள் கொட்டிலையும் இரண்டு பேர் எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்கள். அண்ணா தொலைபேசியில் “அப்பாவின்ரை காரை ஒருத்தருக்கும் குடுக்காதை” என்றார். கொடுக்கவில்லை.

திருத்தும் வேலை 2020 இல் தொடங்கியது. அந்த மார்ச்சில் பெருந்தொற்று ஊரடங்கு வந்தது. அதே காலத்தில் வாகன இறக்குமதியும் நிறுத்தப்பட்டது. வீட்டுக்குள் முடங்கிக் கிடந்தபோது, கொட்டிலின் கிடுகை விலக்கிப் பார்த்தோம். செலவை ஏற்பதாக அண்ணா சொன்னார். வேலைக்கு, அந்தக் காரை 1990களில் ஓட வைத்த மெக்கானிக் அண்ணையையே தேடிப் பிடித்தேன். எழுபதைத் தொட்டுவிட்டார். கராஜை மூடிப் பல ஆண்டுகள். “கண் கொஞ்சம் மங்கல், கை சரியாத்தான் இருக்கு” என்றார்.

பழைய காரைத் திருத்துவோருக்கு யாழ்ப்பாணம் சில விசேட தொல்லைகளை வைத்திருக்கிறது. முதலாவது நீர். சுண்ணாம்புக் கல்லில் ஊறிய எங்கள் கிணற்று நீரைப் பல ஆண்டுகள் ஊற்றியதால் ரேடியேற்றரின் குழாய்களுக்குள் வெண்படிவு இறுகிக் கிடந்தது. கேத்திலின் அடியில் படியுமே, அதே படிவுதான். அதைக் கழற்றிக் கரைத்து எடுக்கவே இரண்டு கிழமை சென்றது. இப்போது அதற்கு மழைநீர் மட்டும்தான். இரண்டாவது, உப்புக் காற்று. தகட்டின் கீழ்விளிம்புகள் விரலால் தொட்டால் உதிர்ந்தன. மூன்றாவது கறையான். வால்நட் முகப்புப் பலகையில் அரைவாசிக்கு மேல் மண்ணாகிவிட்டது. ஊர்த் தச்சர் ஒருவர் பழைய வேப்பம் பலகையில் அதே வடிவைச் செதுக்கி மெருகேற்றித் தந்தார். வால்நட்டின் சுழிக்கோடுகள் அதில் இல்லை. ஆனால் கறையான் அதை லேசில் அண்டாது.

மின்சார வேலையில் ஒரு நுட்பம் உண்டு. இக்காலக் கார்களில் பற்றறியின் எதிர்முனை உடலோடு இணைக்கப்பட்டிருக்கும். அக்காலப் பிரித்தானியக் கார்களில் நேர்முனைதான் உடலோடு சேரும். வயரிங் பார்க்க வந்த இளைஞன் வழக்கப்படி பற்றறியைப் பொருத்தப் போக, மெக்கானிக் அண்ணை பாய்ந்து கையைப் பிடித்தார். “தம்பி, இது உன்ரை கொப்பர் பிறக்க முந்தின கார். இதுக்கு எல்லாம் மறுவளம்” என்றார்.

சிலிண்டர் ஹெட்டைக் கழற்றிய அன்றுதான் எனக்கு அந்தக் கார் புரியத் தொடங்கியது. இயந்திரத்தின் அடிப்பகுதிக்கும் தலைப்பகுதிக்கும் இடையே ஒரு கஸ்கற் இருக்கவேண்டும். இரண்டு இருந்தன, ஒன்றின்மேல் ஒன்றாக. நான் வியந்து பார்க்க, மெக்கானிக் அண்ணை சிரித்தார்.

“உது நான் தொண்ணூற்றிரண்டில போட்டது. மண்ணெண்ணெயில ஓடேக்க ஒரே அடி. கொம்பிறெசனைக் குறைக்கவேணும். வேறை வழி? ரெண்டு கஸ்கற் போட்டால் இடம் கூடும், அடி குறையும். பழசு ஒண்டு, அதிலும் பழசு ஒண்டு. புதுசுக்கு எங்கை போறது?”

எந்தப் புத்தகத்தைப் பார்த்துச் செய்தீர்கள் என்று கேட்டேன். “புத்தகமோ? ராத்திரி படுத்துக்கிடந்து யோசிச்சது” என்றார்.

அதன் பிறகு அவர் ஒவ்வொன்றாகக் காட்டினார். புகைபோக்கிக் குழாயைச் சுற்றி வளைத்திருந்த செப்புக் குழாய், மண்ணெண்ணெயைக் காபரேற்றருக்குப் போகுமுன் சூடாக்குவதற்கு. பொனற்றுக்குள் தொங்கிய கண்ணாடிப் போத்தல், தொடக்கப் பெற்றோலுக்கு. எரியாத மண்ணெண்ணெய் இறங்கி இயந்திர எண்ணெயை நீர்த்துப்போகச் செய்யும். ஆகவே அளவுக்கோலை இழுத்து மணந்து பார்த்தே எண்ணெய் மாற்றுவாராம். பின்கதவின் கீழே குண்டுச்சிதறல் பட்ட இடத்தில், தார்ப் பீப்பாவின் தகட்டை வெட்டி ஆணி அறைந்து ஒரு ஒட்டு. மின்சாரம் இல்லாத காலம்; வெல்டிங் கிடையாது. கிறிலின் நடுவே ஒளிரும் சின்னத்துக்குள் குமிழ் இல்லை. வானில் விமானம் சுற்றும் இரவுகளில் அது தெரிந்துவிடும் என்று பெரியப்பாவே கழற்றி வைத்தது. அந்தக் குமிழ் அவருடைய சட்டப் புத்தக அலுமாரியில், கடதாசியில் சுற்றியபடி கிடைத்தது.

உதிரிப்பாகங்களைப் பற்றியும் சொல்லவேண்டும். வூல்ஸ்லி 15/60 உலகத்தில் ஏறத்தாழ 24,500 மட்டுமே செய்யப்பட்டது. ஆனால் அதன் இயந்திரத்தின் இனத்தவர் இந்தியாவில் பல தசாப்தங்கள் வாழ்ந்தனர். மொறிஸ் ஒக்ஸ்போட்டின் மறுபிறப்பான அம்பாசிடர் கார் கல்கத்தாவுக்கு அருகே உத்தர்பாராவில் 2014 வரை தயாரானது; அதில் நெடுங்காலம் இருந்தது இதே 1489 ‘பி’ வரிசை இயந்திரம். பலாலி - சென்னை விமானச் சேவை 2022 டிசம்பரில் மீண்டும் தொடங்கியதும், அடுத்த மாதமே நான் சென்னை சென்று புதுப்பேட்டைப் பழைய உதிரிப்பாகக் கடைகளில் அலைந்தேன். நான் “கஸ்கற்” என்றேன், கடைக்காரர் “கேஸ்கெட்டா சார்?” என்றார். மெக்கானிக் அண்ணை எழுதித் தந்த பட்டியலை அவர் ஒருமுறை பார்த்துவிட்டு, “இத எழுதினவரு பெரிய ஆளு சார்” என்றார். அந்தச் சொல்லை அப்படியே ஊருக்குக் கொண்டுவந்து சேர்த்தேன்.

இடையில் 2022 வந்தது. நாடு முழுவதும் எரிபொருள் வரிசை. ரூபாய் விழுந்து, வாங்க நினைத்த பெயின்ற்றின் விலை எட்டாத உயரம் போனது. வேலை பல மாதங்கள் நின்றது. பெற்றோலுக்கு வரிசையில் நின்ற இளைஞர்களுக்கு முதியவர்கள் மண்ணெண்ணெய்க் கதை சொன்னார்கள். அதுவும் நெடுநாள் நீடிக்கவில்லை. அந்த ஓகஸ்ட்டில் 87 ரூபாய் விற்ற மண்ணெண்ணெய் லீற்றர் ஒரே நாளில் 340 ரூபாயாயிற்று. ஏழைகளின் எரிபொருள் என்ற பெயரும் அத்தோடு போயிற்று.

வழக்கு எழுந்தது இதன் பிறகுதான். கழற்றியவற்றின் படங்களை அண்ணாவுக்கு அனுப்பினேன். இரவு அழைப்பு வந்தது.

“உந்தக் கண்டறியாத குழாய், போத்தல் எல்லாம் எறிஞ்சு போடு. அந்த ஒட்டை வெட்டி எடுத்துப் புதுத் தகடு வை. எனக்கு அப்பா வாங்கின மாதிரியே வேணும்.”

மெக்கானிக் அண்ணை அதைக் கேட்டு ஒன்றும் பேசவில்லை. மறுநாள் வேலைக்கு வரவுமில்லை. மூன்றாம் நாள் வந்து, “கார் அவையின்ரை. சொன்னதைச் செய்வம்” என்றார். அவர் குரலில் கோபம் இல்லை. அதுதான் என்னைத் தொந்தரவு செய்தது.

பழைய பொருளை ‘முந்திய நிலைக்கு’க் கொண்டுவருவது என்று எளிதாகச் சொல்லிவிடுகிறோம். எந்த முந்திய நிலை? அண்ணாவுக்கு அது 1984 இற்கு முந்தியது. அவர் விட்டுச் சென்ற ஊர், விட்டுச் சென்ற தகப்பன், விட்டுச் சென்ற கார். அதற்குப் பின் நடந்தவை அவருக்குச் செய்தியாகவும் கடிதமாகவும் வந்தவை. ஒட்டும் குழாயும் அவர் கண்ணுக்குக் காயங்கள். தகப்பனின் கடைசிக் காலத்தில் அருகில் இருக்க முடியாமல் போனவருக்கு, அந்தக் காரையாவது காயமில்லாமல் பார்க்கும் ஆசை வராதா? அதை நான் குறைகூற மாட்டேன். உலகெங்கும் பரந்திருக்கும் நம்மவர் பலர் ஊர்வீட்டைத் திருத்தும்போதும் இதையே செய்கிறார்கள். புறப்பட்ட நாளில் கடிகாரத்தை நிறுத்தி வைத்திருக்கிறார்கள்.

இங்கே இருந்தவர்களுக்கு அது காயம் அல்ல. அது எங்கள் வேலை, எங்கள் மூளை, நாங்கள் பிழைத்த விதம். மெக்கானிக் அண்ணையின் வாழ்நாளில் மிகச் சிறந்த வேலை அந்த இரண்டு கஸ்கற்றும் செப்புக் குழாயும்தான். அவற்றை எறிந்துவிட்டு 1960 ஆம் ஆண்டின் காரை மீட்டெடுத்தால், லண்டன்காரனின் கெட்டித்தனம் மிஞ்சும். கோண்டாவில்காரனின் கெட்டித்தனம் குப்பைக்குப் போகும்.

அண்ணாவுக்கு இதை என் தொழிலின் வழியாகத்தான் விளக்கினேன். தடைக்காலத்தில் பத்திரிகைத் தாளும் வரவில்லை. யாழ்ப்பாணப் பத்திரிகைகள் பள்ளிக்கூடக் கொப்பிக்குரிய கோடிட்ட தாளிலும் கிடைத்த நிறத்தாளிலும் அச்சாகின. எழுத்துக்குக் குறுக்கே கோடு ஓடும். மை ஊறி மறுபக்கம் தெரியும். பார்வைக்கு அழகில்லை. இன்று ஓர் ஆவணக்காப்பாளரிடம் அந்த இதழைக் கொடுத்துப் பாருங்கள். தொடுவதற்கு முன் கையைத் துடைப்பார். அதிலுள்ள செய்தியை வெள்ளைத் தாளில் அழகாக மறுபடி அச்சடித்துவிட்டு, கோடிட்ட தாளை எரித்துவிடலாம் என்று எவரும் சொல்வதில்லை. செய்தி என்னவென்று எழுத்துச் சொல்கிறது. எப்படிப்பட்ட காலத்தில் அது எழுதப்பட்டது என்று அந்தக் கோடு சொல்கிறது.

நெடுநேரம் மௌனம். பிறகு, “அம்மாவை ஏத்திக்கொண்டு போன அண்டைக்கும் உந்தக் குழாயிலதானோ ஓடினது?” என்று கேட்டார். ஓம் என்றேன்.

வழக்கு சமரசத்தில் முடிந்தது. வெளித்தோற்றம் பெரியப்பா வாங்கியபடி, மெரூனும் சாம்பலும். இருக்கைக்குத் தோல் கிடைக்காததால் றெக்சின். பின்கதவின் ஒட்டு வெளியிலிருந்து தெரியாது. உட்பக்கம் பெயின்ற் பூசாமல், ஆணித் தலைகளோடு அப்படியே விடப்பட்டது. செப்புக் குழாயும் போத்தலும் பொனற்றுக்குள் இருக்கின்றன, இணைப்பு மட்டும் இல்லை. இரண்டு கஸ்கற்றில் ஒன்றைத்தான் பொருத்த முடியும். இன்றைய பெற்றோலுக்கு இரண்டு தேவையில்லை. சென்னையிலிருந்து வந்த புதியது உள்ளே போயிற்று. பழைய இரண்டையும் மெக்கானிக் அண்ணை எண்ணெய் துடைத்துத் தன் வீட்டுக்குக் கொண்டுபோனார். இலக்கத் தகட்டில் கை வைக்கவில்லை. அந்த எழுத்தை விரும்பாதவர் அதோடு ஓடித் திரிந்தார் என்பதும் வரலாறுதானே.

2024 நல்லூர்த் திருவிழாவுக்கு அண்ணா வந்தார். நாற்பது ஆண்டுகளின் பின் அந்த ஸ்ரேறிங்கைப் பிடித்தார். கீரிமலைவரை போய் வந்தோம். திரும்பி வந்ததும் அவர் செய்த முதல் வேலை பின்கதவைத் திறந்து, குனிந்து, அந்த ஆணித் தலைகளை ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்ததுதான். பிறகு மெக்கானிக் அண்ணையைத் தேடிப் போய் ஒரு மணி நேரம் பேசிக்கொண்டிருந்தார். என்ன பேசினார்கள் என்று நான் கேட்கவில்லை.

2025 இல் வாகன இறக்குமதி மறுபடி அனுமதிக்கப்பட்டுவிட்டது. புது வாகனங்கள் வரட்டும், நல்லதுதான். ஆனால் மண்ணெண்ணெயில் கார் ஓட்டிய தலைமுறை மெக்கானிக்குகளுள் பலர் மறைந்துவிட்டனர், இருப்பவர்களும் முதியவர்கள். அவர்கள் செய்ததற்கு வரைபடம் இல்லை, குறிப்பேடு இல்லை. இராத்திரி படுத்துக்கிடந்து யோசித்தது எல்லாம் அவர்கள் தலைக்குள் மட்டும் இருக்கிறது. கிழமைக்கு ஒருநாள் நான் ஒலிப்பதிவுக் கருவியோடு மெக்கானிக் அண்ணை வீட்டுக்குப் போய்வருகிறேன். எந்தக் காருக்கு எந்தத் தகட்டை வெட்டினார், எந்த இறைப்பு இயந்திரத்தின் உறுப்பை எதற்குப் பொருத்தினார் என்று இதுவரை ஒரு கொப்பி நிறைந்திருக்கிறது. உங்கள் ஊரிலும் அப்படி ஒருவர் இருப்பார். விடுமுறைக்கு வரும்போது, கோயிலுக்குப் போய்விட்டு அவர் வீட்டுப் படலையையும் ஒருமுறை தட்டுங்கள். கேட்டால் சொல்வார்கள், இதுவரை எவரும் கேட்கவில்லை, அவ்வளவுதான்.